ஸ்கோன், டேண்டிலயன், ஒரு மருந்துக்கடை: நிஜத்தில் நடந்த 'கோஸி மிஸ்டரி'

ராத்திரிவாசகன் எழுதியது:

ஒரு வருஷமா இந்த 'கோஸி மிஸ்டரி' ரகத்தை விடாம வாசிச்சுக்கிட்டு இருக்கேன். சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ரத்தம் அதிகம் சிந்தாது. போலீஸ்காரர் முழிச்சுக்கிட்டு நிக்கும்போது, மூலையில ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருக்கிற பாட்டி கொலைகாரன் யாருன்னு சொல்லிடுவாங்க. அகதா கிறிஸ்டி எழுதின மிஸ் மார்ப்பிள் பாட்டி 1927-ல ஒரு சிறுகதையில அறிமுகம் ஆனவங்க, அப்புறம் 12 நாவல். அமெரிக்க டிவியில துப்பறியும் எழுத்தாளரா வர்ற ஜெசிகா ஃப்ளெட்சர் 1984-லேருந்து 1996 வரைக்கும் ஓடினாங்க. அவங்க ஊர் கேபட் கோவ்ல கடைசியில எத்தனை பேர் மிஞ்சினாங்களோ!

நேத்து என் வீட்டுக்காரி கேட்டா: "இதெல்லாம் நிஜத்துல எங்கயாவது நடந்திருக்கா? போலீஸ் இல்லாத ஒரு சாதாரண ஆளு, டீக்கடைப் பேச்சை வச்சு ஒரு கொலையைக் கண்டுபிடிச்சிருக்காரா?" அப்போ பதில் சொல்லத் தெரியல. தேடினதுல ஒண்ணு சிக்கிச்சு.

ஊர் பேர் ஹே. வேல்ஸ் எல்லையில, வை ஆத்தங்கரையில ஒரு சந்தை ஊர். வருஷம் 1921. பிராட் ஸ்ட்ரீட்ல எதிரும் புதிருமா ரெண்டு சொலிசிட்டர் (வக்கீல்) ஆபீஸ். ஒரு பக்கம் மேஜர் ஹெர்பர்ட் ரௌஸ் ஆம்ஸ்ட்ராங், வயசு 52. குள்ளமான, ஒல்லியான மனுஷன். யுத்தம் முடிஞ்ச பிறகும் 'மேஜர்' பட்டத்தை விடல. உள்ளூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் கிளார்க்கும் அவர்தான். எதிர்ப்பக்கம் ஆஸ்வால்ட் மார்ட்டின். வயசுல சின்னவர், யுத்தத்துல காயம்பட்டவர், அந்த வருஷம்தான் கல்யாணம் ஆச்சு. மாமனார் ஜான் டேவிஸ் அதே ஊர்ல மருந்துக்கடைக்காரர். நம்ம கதையோட துப்பறிவாளர் இவர்தான்.

ஒரு சொத்து விற்பனை. விக்கிறவங்களுக்கு ஆம்ஸ்ட்ராங், வாங்குறவங்களுக்கு மார்ட்டின். முன்பணம் வாங்கியாச்சு, கிரயம் மட்டும் நடக்கவே இல்லை. இழுத்து இழுத்துப் பார்த்துட்டு அக்டோபர் 20 அன்னைக்கு மார்ட்டின் ஒப்பந்தத்தை ரத்து பண்ணி, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஆறு நாள் கழிச்சு ஆம்ஸ்ட்ராங் அவரைத் தன் வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டார். போனார். வெண்ணெய் தடவின ஸ்கோன் (சின்ன பன் மாதிரி) ஒண்ணை ஆம்ஸ்ட்ராங் தன் கையாலேயே எடுத்து நீட்டி, "கையால குடுக்கிறேன், மன்னிக்கணும்"னு சொன்னதா மார்ட்டின் பின்னாடி சாட்சி சொன்னார்.

அன்னைக்கு ராத்திரியே வாந்தி, வயித்துப்போக்கு. டாக்டர் ஹிங்க்ஸ் வந்து பார்த்துட்டு, பித்தம்னு மருந்து எழுதினார்.

மாமனாருக்கு மட்டும் மனசு ஒப்பல. ஆம்ஸ்ட்ராங் களைக்கொல்லிக்குன்னு தன் கடையிலேயே ஆர்சனிக்ங்கிற விஷம் வாங்கினது அவருக்கு ஞாபகம் இருந்துச்சு. மருமகன் எங்க டீ குடிச்சார்னும் தெரியும். டாக்டரைப் போய்ப் பார்த்தார். மருமகன் வீட்டுல, "யாராவது தின்பண்டம் குடுத்தா தொடாதீங்க"ன்னு சொன்னார். அப்போதான் அவங்களுக்கு ஒரு சாக்லேட் பெட்டி ஞாபகம் வந்துச்சு. செப்டம்பர்ல தபால்ல வந்தது, அனுப்பினவர் பேரு இல்லை. அதை ஒரு விருந்துல வச்சப்போ சாப்பிட்ட உறவுக்காரப் பொண்ணு ஒருத்திக்கு உடம்பு சரியில்லாமப் போயிருக்கு. மிச்சம் இருந்த சாக்லேட்டை எடுத்துப் பார்த்தா, சிலதோட அடியில சின்ன ஓட்டை.

மார்ட்டினோட சிறுநீர் மாதிரியும் சாக்லேட்டும் லண்டனுக்குப் பரிசோதனைக்குப் போச்சு. ரெண்டுலயும் ஆர்சனிக்.

இதுக்கு நடுவுல டாக்டருக்குத் தூக்கம் போயிடுச்சு. ஏன்னா அந்த வருஷம் பிப்ரவரி 22 அன்னைக்கு ஆம்ஸ்ட்ராங் மனைவி காத்தரின் இறந்தாங்க. பார்த்தது அவர், இயற்கை மரணம்னு சான்றிதழ் குடுத்ததும் அவர். இப்போ யோசிச்சா அந்த அம்மாவுக்கும் இதே வாந்தி.

டிசம்பர் 31 அன்னைக்கு ஆம்ஸ்ட்ராங்கை அவர் ஆபீஸ்லயே கைது பண்ணாங்க.

---

லாஸ்ட்பெஞ்ச் எழுதியது:

அண்ணே, ஒரு சந்தேகம். ஸ்கோன் சாப்பிட்டது அக்டோபர் 26. கைது டிசம்பர் 31. நடுவுல ரெண்டு மாசம் அந்த மார்ட்டின் என்ன பண்ணாரு? எதிர் ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவன் நமக்கு விஷம் வச்சவன்னு தெரிஞ்சும் தினமும் குட்மார்னிங் சொன்னாரா?

---

ராத்திரிவாசகன் எழுதியது:

தம்பி, கதையிலேயே எனக்குப் பிடிச்ச இடம் அதுதான். ஆமா, குட்மார்னிங் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தார். ஸ்காட்லாந்து யார்டு (லண்டன் போலீஸ்) ஆளுங்க ரகசியமா வந்து விசாரிக்கிறாங்க, ஆம்ஸ்ட்ராங் உஷாராகிடக் கூடாது, அதனால எதையும் காட்டிக்காதேன்னு உத்தரவு. ஆம்ஸ்ட்ராங் என்னடான்னா திரும்பத் திரும்ப டீக்குக் கூப்பிடுறார். வீட்டுக்கு வா, ஆபீசுக்காவது வா. இவர் வேலை இருக்கு, ஆள் வராங்க, வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்கன்னு ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. நம்ம ஊர்ல ரெண்டு தடவை காப்பி வேண்டாம்னு சொன்னாலே "என்ன, எங்க வீட்டுக் காப்பி ஆகாதோ?"ன்னு கேட்டுடுவாங்க. அந்த மனுஷன் ரெண்டு மாசம் சமாளிச்சிருக்கார்.

---

மருந்துக்கடை தாத்தா எழுதியது:

இந்த இழையை என் பேத்தி காட்டினாள். நாற்பது வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

ஆர்சனிக் என்பது நம் நாட்டு மருந்துக்கடைக்காரர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது. வெள்ளைத் தூள், வாசனை கிடையாது, ருசியும் தெரியாது என்பார்கள். உள்ளே போனால் வாந்தி, பேதி, வயிற்று வலி. அந்தக் காலத்தில் கெட்டுப்போன மீன் சாப்பிட்டாலும் அதேதான், காலரா வந்தாலும் அதேதான். ஆகவே டாக்டர் ஹிங்க்ஸைக் குறை சொல்ல மாட்டேன். நோயாளியின் வயிற்றைப் பார்த்தவர் அவர். எந்த டப்பா யார் வீட்டுக்குப் போனது என்று பார்த்தவன் கடைக்காரன். ஊரில் இருவருக்கும் வேறு வேறு கண்.

இங்கிலாந்தில் 1851-லேயே ஆர்சனிக் விற்பனைக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. விற்பவர் புத்தகத்தில் எழுத வேண்டும்: தேதி, அளவு, எதற்கு, வாங்குபவர் பெயர், கையெழுத்து. முன்பின் தெரியாதவருக்கு, தெரிந்த ஒருவர் சாட்சியாக நிற்காமல் கொடுக்கக் கூடாது. சில்லறையாக விற்கும்போது கரியோ நீலமோ கலந்து நிறம் மாற்ற வேண்டும், மாவு என்று நினைத்து யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் துப்பறியும் கதை எழுதும் உத்தேசம் இருந்திருக்காது. ஆனால் 70 வருடம் கழித்து ஒரு சின்ன ஊரில் ஒரு கடைக்காரருக்கு மூளை வேலை செய்ய அந்தப் புத்தகம் போதுமானதாக இருந்தது.

எங்களுக்கும் 2014 முதல் எச்-1 பதிவேடு என்று ஒன்று உண்டு. சில மருந்துகளுக்கு டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எழுதுவது தொல்லை. ஆனால் எழுதினால் ஞாபகம் நிற்கும். எங்கள் தெருவில் ஒருவர் அம்மாவுக்கென்று மாதம் ஒரு முறை தூக்க மாத்திரை வாங்குவார். ஒரு மாதம் மூன்றாம் வாரமே வந்து நின்றார், சீட்டில் தேதி திருத்தியிருந்தது. கொடுக்காமல் அனுப்பிவிட்டு, சாயங்காலம் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. தூக்கம் வராமல் கிடந்தது மகன். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு அம்மா மாத்திரையில் பங்கு போட்டிருக்கிறான். நான் துப்பறிந்ததில் கண்ட பலன், அந்தக் குடும்பம் அடுத்த மாதத்திலிருந்து வேறு கடைக்குப் போனது.

---

லாஸ்ட்பெஞ்ச் எழுதியது:

தாத்தா 🙏 நீங்க தனி சீரிஸே எழுதலாம். அப்போ நவபாஷாணத்துலயும் இந்த வெள்ளைப் பாஷாணம் இருக்கா? பழனி முருகன்…

---

மட்டுறுத்துநர் எழுதியது:

நவபாஷாணத்துக்கு ஏற்கெனவே 46 பக்கத்தில் ஓர் இழை ஓடி, சண்டையில் முடிந்து பூட்டிக் கிடக்கிறது. அதை இங்கே திறக்க வேண்டாம். ஹே ஊருக்குத் திரும்புங்கள்.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

எல்லாரும் கைதட்டி முடிச்சாச்சா? இப்போ நான் கொஞ்சம் தண்ணி ஊத்துறேன். 18 வருஷமா கிரிமினல் பக்கம் நிக்கிறேன், பழக்கதோஷம்.

உங்க துப்பறிவாளர் யாரு? எதிர்க்கட்சி வக்கீலோட மாமனார். ஊர்ல ரெண்டே ஆபீஸ் எதிரெதிரே இருக்கு. ஒண்ணு மூடினா இன்னொண்ணுக்குத்தான் எல்லாக் கட்சிக்காரரும் போவாங்க. லாபம் யாருக்கு? கதையில வர்ற பாட்டிக்கு எந்தப் பக்கமும் சொந்தம் இருக்காது, அதனால அவங்க சொன்னா நம்புறோம். நிஜத்துல சந்தேகப்பட்டவர், ஆர்சனிக் கைவசம் வச்சிருக்கிறவர், டாக்டருக்கு யோசனை சொன்னவர் மூணும் ஒரே ஆள். குறுக்கு விசாரணையில நான் கேக்கிற முதல் கேள்வி, அந்தச் சிறுநீர் மாதிரியும் சாக்லேட்டும் லண்டனுக்குப் போறதுக்குள்ள யார் யார் கை மாறிச்சு? அதுக்கு நேரான பதில் வர்ற வரைக்கும் நான் உட்கார மாட்டேன்.

இதை நான் மட்டும் சொல்லல. பல வருஷம் கழிச்சு அதே ஆம்ஸ்ட்ராங் ஆபீஸ்ல வேலை பார்த்து, அவர் வீட்டுலயே குடியிருந்த ஒரு சொலிசிட்டர், மேஜர் நிரபராதின்னு வாதாடி 1995-ல ஒரு புத்தகமே போட்டார். அந்த வீட்டுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே எழுதியிருப்பார் போல.

இன்னொண்ணு. சின்ன ஊர்ப் பேச்சு எப்பவும் சரியான ஆளைத்தான் பிடிக்கும்னு நினைக்கிறவங்க கிட்வெல்லியையும் பாருங்க. அதுவும் வேல்ஸ்தான், அதுவும் சொலிசிட்டர்தான், அதுவும் ஆர்சனிக்தான். ஹரால்ட் கிரீன்வுட். மனைவி மேபெல் 1919 ஜூன்ல இறந்தாங்க. நாலு மாசம்கூட ஆகல, அவர் மறுகல்யாணம் பண்ணிக்கிட்டார். ஊர் வாய் சும்மா இருக்குமா? பேசிப் பேசியே கல்லறையைத் தோண்ட வச்சாங்க. உடம்புல ஆர்சனிக் இருந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டோட அந்த அம்மா குடிச்ச ஒயின்ல கலந்தார்னு வழக்கு. 1920 நவம்பர்ல கார்மார்தன்ல விசாரணை. மகள் ஐரீன் கூண்டுல ஏறி, "அதே பாட்டில்லேருந்து நானும் குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொன்னா. விடுதலை. ஆனா தொழில் போச்சு, பேர் போச்சு. வேற பேர்ல ஒளிஞ்சு வாழ்ந்து 1929-ல செத்தார். அந்த ஊர்லயும் ஆளுக்கு ஆள் துப்பறிஞ்சாங்க. அதை யாரும் 'கோஸி'ன்னு சொல்ல மாட்டாங்க.

---

ராத்திரிவாசகன் எழுதியது:

மேடம், கிரீன்வுட் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. நேரம் மட்டும் என்னை உறுத்துது. கிரீன்வுட் விடுதலை 1920 நவம்பர். காத்தரின் இறந்தது 1921 பிப்ரவரி. ஆம்ஸ்ட்ராங்கும் பேப்பர் படிச்சிருப்பார்தானே?

மாமனாரை விடுங்க, காத்தரின் உடம்பு சொன்னதை எடுத்துக்குவோம். 1922 ஜனவரி ஆரம்பத்துல கல்லறையைத் திறந்தாங்க. பரிசோதிச்சவர் பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரிங்கிற பிரேதப் பரிசோதனை டாக்டர். பத்து மாசம் மண்ணுக்குள்ள இருந்த உடம்பு அவ்வளவா அழுகல. கிடைச்ச ஆர்சனிக் சுமார் 208 மில்லிகிராம். டேவிஸ் அந்த வீட்டுக்குள்ள போய் அந்த அம்மாவுக்கு ஊட்டியிருக்க முடியாது இல்லையா?

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

ஊட்டத் தேவையில்லை. டிஃபென்ஸ் சொன்னது, அந்த அம்மாவே எடுத்துக்கிட்டாங்கன்னு. அவங்க 1920 ஆகஸ்ட்ல மனநல மருத்துவமனைக்குப் போனவங்க, 1921 ஜனவரியிலதான் வீட்டுக்குத் திரும்பினாங்க. வீட்டுல களைக்கொல்லி இருக்கு. அவ்வளவு சுலபமா ஒதுக்கித் தள்ளுற வாதம் இல்லை அது.

ஆனா நேர்மையா எதிர்ப்பக்கத்தையும் சொல்லிடறேன். கடைசி நாட்கள்ல அவங்களால படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியலன்னு நர்ஸ் சாட்சி. இறக்கிறதுக்கு முந்தின ஒரு நாளுக்குள்ள பெரிய அளவு உள்ள போயிருக்கணும்னு மருத்துவ சாட்சி. அப்போ எழுந்து போய் அலமாரியைத் திறந்தது யாரு? அங்கதான் டிஃபென்ஸ் தடுக்கி விழுந்துச்சு. அப்புறம் உயில். 1920 ஜூலையில எல்லாச் சொத்தும் கணவருக்கேன்னு ஒரு புது உயில், அவர் கையெழுத்துலயே எழுதினது. முந்தின உயில்ல பிள்ளைங்களுக்குப் பங்கு இருந்துச்சு.

சட்டம் படிக்கிற பசங்களுக்கு இந்த வழக்கு வேற காரணத்துக்காக முக்கியம். ஆம்ஸ்ட்ராங் மேல நடந்த விசாரணை மனைவி கொலைக்குத்தான். ஸ்கோன் விவகாரத்துக்குத் தனி விசாரணை நடக்கவே இல்லை. ஆனா மனைவி இறந்து எட்டு மாசம் கழிச்சு நடந்த ஸ்கோன் சம்பவத்தை இந்த வழக்குல சாட்சியமா உள்ள விட்டாங்க. "ஆர்சனிக் வாங்கினது களைக்குத்தான்"னு அவர் சொன்னதை உடைக்க அது பொருத்தமான சாட்சியம்னு அப்பீல் கோர்ட்டும் ஒத்துக்கிச்சு. நம்ம பழைய சாட்சியச் சட்டத்துல 15-ஆவது பிரிவு இருந்துச்சே, ஒரு செயல் தற்செயலா வேணும்னே செஞ்சதான்னு பார்க்க அதே மாதிரி நடந்த வேற சம்பவங்களைக் காட்டலாம்னு, அதே வீட்டுப் பிள்ளைதான் இது. அதாவது டேவிஸ் கண்டுபிடிச்ச குற்றத்துக்கு யாருக்கும் தண்டனை கிடைக்கல. அவர் தேடவே தேடாத இன்னொரு குற்றத்துக்கு அது சாட்சியா நின்னுச்சு. கதை எழுதுறவங்க யாராவது இப்படி முடிச்சா எடிட்டர் திருப்பி அனுப்பிடுவார்.

---

லாஸ்ட்பெஞ்ச் எழுதியது:

மேடம் செம. ஆனா அந்த 20 பொட்டலம் மேட்டரை ஏன் யாரும் சொல்லல? நான் இப்பதான் படிச்சேன், ராத்திரி ரெண்டு மணி, தூக்கம் போச்சு.

கைது பண்ணும்போது அவரு பாக்கெட்ல ஒரு குட்டிப் பொட்டலம். உள்ள ஆர்சனிக், ஒரு ஆள் சாகப் போதுமான அளவு. கேட்டா, டேண்டிலயன்ங்கிற களைச்செடிக்குன்னு 20 பொட்டலம் தனித்தனியா மடிச்சாராம். 19 செடிக்குப் பக்கத்துல ஓட்டை போட்டு 19 பொட்டலத்தைக் கொட்டிட்டாராம், இது மிச்சம் 1. ஜட்ஜ் டார்லிங் அவரே கேக்கிறாரு: எதுக்கு ஒவ்வொண்ணா மடிச்சீங்க, மொத்தமா எடுத்துட்டுப் போய்ச் செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமா போட்டிருக்கலாமே? அதுக்கு இவரு, "அப்போ அதுதான் வசதியா தோணுச்சு"ன்னாராம்!!! இதுக்கு எங்க வைவால நான் சொன்ன பதிலே பரவாயில்ல.

---

மருந்துக்கடை தாத்தா எழுதியது:

பொட்டலம் மடிப்பது எங்கள் தொழில் என்பதால் சொல்கிறேன். தூள் மருந்தைத் தனித்தனிப் பொட்டலமாக மடிப்பது ஒரே காரணத்துக்குத்தான்: ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். செடிக்கு யாரும் வேளை பார்த்து மருந்து கொடுப்பதில்லை.

டேவிஸுக்கு இந்தப் பொட்டலக் கதை விசாரணையின்போதுதான் தெரிந்திருக்கும். முன்னாடியே தெரிந்திருந்தால் அக்டோபர் வரை காத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ஆம்ஸ்ட்ராங் 1921 ஜனவரியில் கால் பவுண்டு ஆர்சனிக் வாங்கியதாகப் படித்தேன். ஜனவரிக் குளிரில் அங்கே களை எடுப்பார்களா என்று அந்த ஊரில் இருப்பவர் யாராவது சொன்னால் தேவலை.

---

பனங்காய்ப்பணியாரம் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் கார்டிஃபில இருக்கிறன், 22 வருசமாச்சு. ஹேக்குக் கார்ல ஒண்டரை மணித்தியாலம். ஜனவரியில இஞ்ச ஒருத்தரும் டேண்டிலயன் புடுங்க மாட்டினம். எங்கட வீட்டுப் பின்பக்கப் புல்லுக்கு ஜனவரியில நான் கிட்டவும் போறேல்ல. அது பூக்கிறது ஏப்ரல், மே. முந்தியே மருந்து வாங்கி வச்சிருந்தவர் எண்டு வேணுமெண்டால் சொல்லலாம். வக்கீல் அம்மா அதைத்தான் சொல்லுவா எண்டு நினைக்கிறன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுறன். ஆம்ஸ்ட்ராங்கின்ர ஒஃபிஸ் இருந்தது வேல்ஸ் மண்ணில. வீடு இருந்தது கியூசப் எண்ட பக்கத்து ஊரில, அது இங்கிலாந்து. இடையில டூலஸ் எண்டு ஒரு சின்ன ஓடை, அதுதான் எல்லை. அந்த மனுசன் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகவும் வரவும் நாடு மாறியிருக்கிறார். மனிசி செத்தது இங்கிலாந்துப் பக்கம், அதாலதான் விசாரணை ஹெரஃபோர்டில நடந்தது. வேல்ஸ் பக்கத்து ஜூரி எண்டால் கிரீன்வுட்டை விட்ட மாதிரி விட்டிருப்பினமோ தெரியாது. சும்மா சொல்லுறன், ஒருத்தரும் கோவிக்காதேங்கோ.

முதல் விசாரணை ஹே மாஜிஸ்திரேட் கோட்டில. அந்தக் கோட்டுக்குக் கிளார்க் ஆர்? ஆம்ஸ்ட்ராங் தான்! வழக்கமா அவர் இருக்கிற கதிரையில வேற ஒருத்தர் இருக்க, இவர் குற்றவாளி நிக்கிற பக்கம் நிண்டவர். நடைமுறை எல்லாம் தலைகீழ்ப் பாடம் அவருக்கு.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

பனங்காய், நீங்க சொன்ன வாதத்தைத்தான் எழுத வந்தேன், முந்திக்கிட்டீங்க 😄 ஜனவரியில வாங்கி ஏப்ரலுக்கு வைக்கிறது குற்றமில்லை. எங்க அம்மா சித்திரை வத்தலுக்குத் தை மாசமே ஜவ்வரிசி வாங்கிடுவாங்க.

தாத்தா ஐயா சொன்ன 'ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம்' மட்டும் என்னை நேத்து ராத்திரி முழுக்கக் குடைஞ்சுது. மாமனார் உறவை நான் கிழிச்சிடுவேன். சிறுநீர் மாதிரியும் சாக்லேட்டும் கைமாறினதைக் கிழிச்சிடுவேன். மனைவி தானா எடுத்துக்கிட்டாங்கன்னு ஜூரியில ரெண்டு பேரையாவது யோசிக்க வச்சிடுவேன். டிசம்பர் 31 அன்னைக்கு, செடி எல்லாம் பட்டுப்போயிருக்கிற குளிர்ல, ஆபீசுக்கு வர்றவர் கோட்டுப் பாக்கெட்ல அந்தப் பொட்டலம் எதுக்கு? அதுவும் எதிர் ஆபீஸ்காரரைத் தினமும் டீக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருந்த ரெண்டு மாசத்துக்கு அப்புறம்? அதை வச்சது டேவிஸ் இல்லை. அதுக்கு என்கிட்ட கேள்வி இல்லை.

ஜூரி 48 நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. 1922 மே 31 அன்னைக்கு குளோஸ்டர் சிறையில தூக்கு. பிரிட்டன்ல கொலைக்காகத் தூக்கிலேறின ஒரே சொலிசிட்டர். எங்க தொழிலுக்கு இந்தப் பெருமை வேற.

---

ராத்திரிவாசகன் எழுதியது:

நேத்து ராத்திரி இதையெல்லாம் வீட்டுக்காரிக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். அவ கேட்டது: "சரி, அந்த டேவிஸுக்கு ஆர்சனிக்கை வித்ததே தான்தானேங்கிற உறுத்தல் இருந்திருக்காதா?" நான் இந்தக் கோணத்துல யோசிக்கவே இல்லை.

கதைகள்ல இது வராது. மிஸ் மார்ப்பிள் யாருக்கும் விஷம் வித்ததில்லை. ஆனா அவங்களை எழுதின அகதா கிறிஸ்டி முதல் உலக யுத்தத்தப்போ டார்கீல மருத்துவமனை மருந்தகத்துல வேலை பார்த்தவங்க. அந்த அனுபவத்துலதான் முதல் நாவல்லயே விஷத்தைக் கையில எடுத்தாங்க, 1920-ல வந்துச்சு. கல்லாவுக்குப் பின்னாடி நின்னவங்களுக்குத்தான் அந்தக் கண் வரும் போல. தாத்தா, நீங்க சொல்லுங்க.

---

மருந்துக்கடை தாத்தா எழுதியது:

உங்கள் வீட்டம்மா கேட்டது சரியான கேள்வி. இருந்திருக்கும். சட்டப்படி விற்றிருப்பார், புத்தகத்தில் எழுதியிருப்பார், தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் இருக்கும். பிப்ரவரியில் அந்த அம்மா இறந்தபோது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அக்டோபரில் தன் மகள் புருஷன் படுத்த பிறகுதான் தோன்றியது. வக்கீலம்மா இதைச் சொந்தக்காரரின் பாரபட்சம் என்பார். நான் வேறு மாதிரி சொல்வேன். ஒரு நாளைக்கு நூறு பேர் வந்து போகும் கடையில் எல்லோருடைய வாந்தியையும் கடைக்காரன் தன் வீட்டு வாந்தியாக நினைத்துக்கொண்டிருக்க முடியாது. காத்தரின் அம்மாவுக்கு ஊரில் அப்படி நினைக்க ஒருவர் இருந்திருந்தால் விஷயம் பிப்ரவரியிலேயே வெளிவந்திருக்கலாம்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. பேத்தி பள்ளிக்கூடம் போய்விட்டாள். இந்த டைப்பிங் எல்லாம் நானே ஒரு விரலால் செய்தது.

---

பனங்காய்ப்பணியாரம் எழுதியது:

ஐயா சொன்னதை வாசிச்ச பிறகு, போன முறை ஹேக்குப் போனது ஞாபகம் வந்திட்டுது.

இப்ப அந்த ஊர் முழுக்கப் புத்தகம். ரிச்சர்ட் பூத் எண்டவர் 1962-ல பழைய புத்தகக் கடை திறந்து, பிறகு 1977 ஏப்ரல் முதலாம் திகதி தன்னை ஹேயின்ர ராசா எண்டு தானே முடிசூட்டிக்கொண்ட பகிடியும் நடந்தது. 1988-ல இருந்து மே கடைசியில புத்தகத் திருவிழா. நாங்கள் அதுக்குத்தான் போனனாங்கள். மனிசியும் பிள்ளையளும் கடையளுக்க நிக்க, நான் ஓடையைத் தாண்டிக் கியூசப் தேவாலயம் மட்டும் நடந்தன். காத்தரினை அடக்கம் செய்தது அங்கதான். கல்லறையைத் தேடினன், கண்டுபிடிக்கேல்ல. புல்லு வெட்டாமல் முழங்காலளவுக்கு நிண்டது. அதுக்குள்ள முழுக்க டேண்டிலயன், மஞ்சள் பூ முடிஞ்சு வெள்ளைப் பஞ்சா நிண்டது. என்ர சின்னவள் பின்னால ஓடி வந்து ஒண்டைப் புடுங்கி ஊதினவள்.

படம் எடுத்தனான். இஞ்ச ஏத்தப் பாத்தன், சைஸ் கூடவாம், ஏறுதில்லை. மட்டுறுத்துநர் ஐயா, எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்?

---

மட்டுறுத்துநர் எழுதியது:

2 எம்பி.